ஒரே அளவில் இரண்டு படகு

அக்காவின் கணவரை மச்சான் என்று கூப்பிட்டு வந்தேன். இப்போது கூப்பிடுவதில்லை, பேச்சே இல்லை. பெயரை எழுதினால் தேனி பஜாரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும் என்பதால் மச்சான் என்றே வைத்துக்கொள்கிறேன். பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவரைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எதிரே நிற்கிற ஆளுக்கு என்ன பொருந்தும் என்பது அந்த ஆள் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஜவுளிக்கடை வைத்திருந்தார். மாம்பழ மஞ்சளில் சேலை கேட்டு ஒரு பெண் வந்தால், “ஆத்தா, ஒன் நெறத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கும்” என்று ஊதாவில் ஒன்றை உருவித் தோளில் போட்டுவிடுவார். அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் சேலை பில்லுக்குப் போயிருக்கும். அப்படி உருவப்பட்டவை பெரும்பாலும் தீபாவளிக்கு விற்காமல் தங்கிப்போனவை. வெறும் தந்திரமாக இருந்தால்கூட அவரைக் கொஞ்சம் மதித்திருப்பேன். அவர் அதை மனசார நம்பினார். விற்காத சரக்கைப் பார்த்த மாத்திரத்தில், அது எதிரே நிற்பவளுக்காகவே நெய்யப்பட்டது என்று அவருக்கு உண்மையாகவே தோன்றிவிடும்.

கடையோடு நின்றிருந்தால் ஊர்ப் பிரச்சினை. அது வீட்டுக்கும் வந்தது. அக்காவுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தபோது பிரேமை அவர்தான் எடுத்தார். சிறுத்த முகத்துக்கு அது ஜன்னல் மாதிரி இருந்தது. குனிந்தால் விழும். இரண்டு வருஷம் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் பெருக்கினாள். எங்கள் அப்பாவுக்குத் துணைக்கு என்று கோம்பை நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். அப்பாவும் அம்மாவும் இருந்தது வரிசை வீட்டில். காட்டுப்பன்றியை விரட்டப் பிறந்த ஜாதி, நாலடி முற்றத்தில் என்ன செய்யும்? தெருவிலிருந்த கோழிகளைத் தீர்த்தது. கடைசியில் அதைக் கோம்பைக்கே திருப்பி அனுப்பினோம். அதற்காவது திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவரிடம் நல்லதே இல்லையா என்று கேட்கலாம். அப்பா படுக்கையில் விழுந்தபோது மச்சான் பெற்ற மகனைப் போலப் பக்கத்தில் இருந்தார், மறுக்க மாட்டேன். ஆனால் அப்பா இட்லி கேட்டால் ஓட்ஸ் கஞ்சி ஊட்டினார். “மாமாவுக்கு இதுதான் ஏத்துக்கிரும்” என்பார். அப்பா கடைசி வரைக்கும் ஓட்ஸ் சாப்பிட்டுத்தான் போனார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எல்லோரும் செய்கிற காரியம், அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் செல்போனில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பனிமலைகளுக்கு நடுவே கடலில் கயாக் ஓட்டிப் போவதைப் பார்த்திருக்கிறார். கயாக் என்பது ஒல்லியான நீளப் படகு. நடுவிலுள்ள துவாரத்தில் இடுப்புவரை நுழைந்து, காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் அகப்பை போல விரிந்த துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி வலித்துப் போக வேண்டும். தேனியிலிருந்து கடல் நாலைந்து மணி நேர ஓட்டம். மச்சானுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை.

கடையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த பெரிய டிவியில் அதன்பிறகு படகுகள் ஓடின. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சின்னமனூரில் எனக்குச் சொட்டு நீர்ப் பைப் வியாபாரம். வசூலுக்குத் தேனி போகும்போதெல்லாம் அவர் கடையில் உட்கார்ந்து நானும் கயாக் சாஸ்திரம் முழுவதும் கேட்டேன். நீளமான படகு நேராகவும் வேகமாகவும் போகும், திருப்புவது பாடு. குட்டை சட்டென்று திரும்பும், கொஞ்சம் காற்றடித்தாலும் வழி மாறும். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் நின்ற தண்ணீரில் அசையாது, ஆனால் அலையில் அலை சாய்கிற பக்கமெல்லாம் சாயும். உருண்டையாக இருந்தால் ஏறியதும் ஆட்டம் காட்டும், அலை வந்தால் அதுதான் சமாளிக்கும். பிளாஸ்டிக் கனம், பாறையில் மோதினாலும் தாங்கும். ஃபைபர் லேசு, விரிசல் விடும். இவ்வளவும் மச்சானுக்கு மனப்பாடம். அந்த அளவில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்த வீடியோவாக இருந்தாலும், பேசுகிறவன் ஏதாவது ஓர் இடத்தில் இன்னொன்றும் சொன்னான். வாங்குமுன் உட்கார்ந்து பார். இடுப்பு இறுகாமல் ஒட்ட வேண்டும். முழங்கால் மேல்தட்டின் அடியில் முட்ட வேண்டும். பாதம் மிதிகட்டையில் பதிய வேண்டும். எடை குறைந்த ஆளுக்குப் பெரிய படகு ஆபத்து, தண்ணீரில் அமுங்காமல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடம் வந்ததும் மச்சான் ரிமோட்டை எடுத்து வீடியோவை முன்னே ஓட்டிவிடுவார்.

கொச்சியிலிருந்து படகுகள் வந்தன. ஒரே அச்சு, ஒரே அளவு. அவருக்குச் சிவப்பு, அக்காவுக்கு மஞ்சள். மச்சான் ஆறடிக்குப் பக்கம், உடம்பும் அதற்குத் தகுந்தபடி. அக்கா நின்றால் அவர் சட்டைப் பைக்குத்தான் வருவாள்.

“மச்சான், அக்காவுக்கும் எதுக்கு அதே சைஸ்? அவ ஒங்கள்ல பாதிதான இருக்கா” என்றேன்.

“மாப்ள, நீ பைப்பு யாவாரம் பண்றவன். ஒனக்கு எல்லாம் இஞ்சுலதான் தெரியும். இது டிசைன். பெரிய படகுன்னா யாரு உக்காந்தாலும் சேஃப்டி.”

“அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

“அவளுக்கு என்ன தெரியும்?”

அக்கா காபியோடு வந்து நின்றாள். அவளுக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியும். “எனக்கு எதுக்குங்க படகு?” என்று மட்டும் கேட்டாள். “நான் கடல்ல போறப்ப நீ கரையில உக்காந்து மண்ணக் கிண்டுவியா?” என்றார். இதை அன்பு என்று அவர் நினைத்தார். அவர் கேட்டதில் அன்பும் கொஞ்சம் இருந்திருக்கலாம், யார் கண்டது.

ஒத்திகைக்குத் தேவாரம் போகிற வழியில் மழைக்கு நிரம்பியிருந்த கண்மாய்க்குப் போனோம். படகு ஏற்ற என் லோடு வண்டிதான். கரையில் கூட்டம் கூடிவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மச்சான் மீன்பிடிக் குத்தகைக்காரரிடம் பேசிவிட்டு, கூடியிருந்தவர்களுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு ஏறினார். படகு அவருக்குக் கச்சிதமாக இருந்தது. இருக்காதா, அவரை நினைத்து எடுத்ததுதானே. அக்கா ஏறியதும் கரையில் சிரிப்பு எழுந்தது.

“அந்தம்மா எங்கடி? தல மட்டுந்தான தெரியுது?”

அக்கா துவாரத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். “ஏங்க, காலு எட்டலங்க.”

“எட்டும். நீ நீட்டல.”

இந்த மூன்று வார்த்தையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியின் கால் எவ்வளவு நீளம் என்று அவளுக்கே சொல்லிக்கொடுக்க ஓர் ஆளால் முடிகிறது. அக்கா மறுபடி நீட்டிப் பார்த்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒருவேளை சரியாக நீட்டவில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டு கண்மாயை ஒரு சுற்று வந்தாள். மிதிகட்டை அப்போதும் தூரத்தில்தான் இருந்தது. காற்றில்லாத தண்ணீர் என்பதால் பிழைத்தாள்.

அப்புறம் கடல். ராமேஸ்வரம் பக்கம் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்ன மையம் இருந்தது. ஒரு பெண் நடத்தினாள், வெயிலில் கறுத்து, எதையும் சுருக்கமாகப் பேசுகிறவள். மஞ்சள் படகில் அக்கா உட்கார்ந்ததும் விளிம்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். படகு ஆடியது, அக்கா உள்ளே தனியாக ஆடினாள்.

“சார், இதுல இவங்கள அனுப்ப மாட்டேன். எங்க படகு ஒண்ணு தர்றேன்.”

“வேணாம்மா. இது கடலுக்குன்னே செஞ்ச டிசைன். நாங்க நல்லாப் பாத்துத்தான் எடுத்திருக்கோம்.”

“கரையிலருந்து காத்து எழும்பும் சார். தள்ளிட்டுப் போயிரும்.”

மச்சான் புன்னகைத்தார். பெண்கள் விலை பேசும்போது கடையில் புன்னகைப்பாரே, அதே புன்னகை. பிறகு படகுகளை மையத்தைத் தாண்டி மணலில் கொஞ்ச தூரம் இழுத்துப்போய், அவள் கண்ணுக்கு மறைவான இடத்தில் தண்ணீரில் இறக்கினார். இழுத்தது நானும்தான், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. வழியெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அக்காதான், “போய்ட்டு வந்துர்றேன்டா. இல்லாட்டி வருஷம் பூரா இதயே பேசுவாக” என்றாள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிவிட்டேன். அதுவும் அவர் எடுத்ததுதான், இறுக்கியும் தோளில் தொங்கியது.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புப் படகு அம்பு மாதிரி போனது. அவர் வலித்துப் போகிற அழகை மறுக்க முடியாது. பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் காற்று படுவது தெரிந்தது. என் சட்டை முன்பக்கம் உப்பியது. அதே நேரம் மஞ்சள் படகின் மூக்கு தானாகத் திரும்பியது. அக்கா வலித்தாள். அது நேரே வந்து மறுபடி திரும்பியது. காலை ஊன்ற இடமில்லாமல், முழங்காலை முட்டுக்கொடுக்க இடமில்லாமல், அந்தப் பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அவள் கைகள் மட்டும்தான் வேலை செய்தன. படகு முக்கால்வாசி தண்ணீருக்கு மேலே நின்றது. காற்றுக்குத் தள்ள அதைவிடத் தோதாக எதைக் கொடுக்க முடியும்?

அப்போதுதான் மச்சான் திரும்பிப் பார்த்தார். “வலது கை! வலது கையப் போடு! இடுப்ப வளை!” என்று கத்தினார். கத்துவதற்காகத் திரும்பியதில் அவர் படகு அலைக்குக் குறுக்கே நின்று ஓர் ஆட்டம் ஆடியது. அந்த ஓர் ஆட்டம் போதும். படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பினார். அவளைத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். தாண்டி வந்தார். தாண்டும்போதும் “வலது கை” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் மையத்துக்கு ஓடினேன். மணலில் ஓடுவது எவ்வளவு மெதுவான வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். இழுவைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் படகில் பாய்ந்தாள். அதற்குள் மஞ்சள், ஒரு பூவின் அளவுக்குச் சிறுத்துவிட்டது. அலை எழும்பும்போது தெரியும், இறங்கும்போது தெரியாது. தெரியாத ஒவ்வொரு தடவையும் நான் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். மச்சான் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “பயந்துட்டா மாப்ள. பயப்படாம இருந்தா ஒண்ணுமே இல்ல” என்றார்.

அவர்கள் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. கயிற்றில் மஞ்சள் படகு இழுபட்டு வந்தது. அக்கா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்து, கண்ணாடி போன இடம் தெரியாமல், முகமெல்லாம் உப்பு. கரை தட்டியும் விரல்கள் பிரியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மச்சான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி வந்தார். படகுக்குள் எட்டிப் பார்த்தார்.

“துடுப்பு எங்க?” என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. “பசிக்குதுடா” என்று என்னிடம் சொன்னாள்.

ஓட்டலில் மச்சான் பரிமாறுகிறவரிடம்கூட விளக்கினார். “படிச்சுப் படிச்சு சொன்னேன், கேக்கல. சொன்னபடி செஞ்சிருந்தா அங்கனயே திரும்பியிருக்கலாம்.” அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இனிமேல் இவள் தண்ணீர்ப் பக்கமே வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் லாட்ஜில் என் அறைக் கதவைத் தட்டினாள். “வாடா, போவோம்” என்றாள். மையத்துக்குத்தான்.

“பயமா இல்லையாக்கா?”

“பயந்தான். ஆனா அந்தப் படகுதான்டா பயம். தண்ணி என்னைய என்ன பண்ணுச்சு?”

அந்தப் பெண்ணிடம் போய், “ஒங்க படகுல எல்லாம் ஒரு தடவ உக்காந்து பாக்கவா?” என்று கேட்டாள். துணிக்கடையில் பிறர் கையால் எடுத்துப் போட்டதையே உடுத்தி வந்தவள், ஒவ்வொரு படகையும் தட்டிப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், உள்ளே கையை விட்டு இருக்கையின் அகலத்தைச் சாணால் அளந்தாள். முதலில் அகலமான ஒரு குட்டைப் படகு. இடுப்பளவு தண்ணீரில் அது அசையவே இல்லை. “இது கட்டிலு. படுத்துத் தூங்கலாம்” என்று இறங்கிவிட்டாள். அடுத்தது ஊசி மாதிரி. ஏறியதும் இரண்டு பக்கமும் நடுங்கியது. “இது என்னைய எறக்கிவிடவே பாக்குது” என்றாள். அப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு. சிரித்துக்கொண்டே இருந்தாள். மையத்துப் பெண்ணும் சிரித்தாள்.

வெளுத்துப்போன பச்சையில், உயரம் குறைந்த ஒன்றில் கடைசியாக உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். உள்ளே ஏதோ ‘டொக்’ என்று மிதிபட்டது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தாள், படகு அவளோடு சாய்ந்தது. நிமிர்ந்தாள், நிமிர்ந்தது. என்னைப் பார்த்து, “முழங்காலு முட்டுதுடா” என்றாள். ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பிறகு துடுப்பை வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண் பக்கத்திலேயே தன் படகில் போனாள். காற்று எழும்பாத கடல். அக்கா ஒரு வட்டம் வந்தாள். திரும்ப இன்னொன்று. கரைக்கு வருவாள் என்று பார்த்தால் மூக்கைத் திருப்பி மறுபடி போனாள்.

டீ கிளாஸோடு மச்சான் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏய், அது சின்னப் புள்ளைக ஓட்டுறது. ஒனக்கு அது சரிப்படாது. எறங்கு.”

அக்கா கரைக்குப் பக்கமாக வந்தாள். கோபமில்லை, சண்டை பிடிக்கிற தொனியுமில்லை. “எனக்கு இது சரியா இருக்குங்க” என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயில் நான் கேட்டதில்லை. அவர் பதில் யோசிப்பதற்குள் படகு திரும்பிவிட்டது. மச்சான் டீயைக் குடிக்காமல் நின்றார். அலை வந்து செருப்பை நனைத்தது, அதையும் கவனிக்கவில்லை. ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷமே, “அடிப்பக்கம் ரொம்ப உருண்ட. கவுந்துரும் பாரு” என்றார். என் இரக்கம் போய்விட்டது.

படகு கவிழவில்லை. அக்கா அந்தப் பச்சைப் படகையே மையத்தில் கேட்டு வாங்கினாள். அது சின்னமனூரில் என் குடோனில், பைப் சுருள்களுக்கு மேலே கிடக்கிறது. கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் நானும் அவளும் கிளம்பிவிடுவோம். இப்போது அவளுக்கு அலையில் கவிழ்ந்தால் நிமிரவும் தெரியும். மச்சான் அதற்குப் பிறகு கடலுக்கு வரவில்லை. முதலில் முதுகுவலி என்றார், பிறகு கடை வேலை என்றார். சிவப்புப் படகு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. மஞ்சள் படகை ஆடித் தள்ளுபடிக்குக் கடை வாசல் கண்ணாடிக்குள் வைத்து, சுடிதார் போட்ட ஒரு பொம்மையை அதில் உட்காரவைத்தார். அவர் தேர்ந்தெடுத்த படகில் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

பேச்சு நின்றது போடியில் ஒரு காதுகுத்து வீட்டில். பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு சொந்தக்காரர், “ஒங்க வீட்டம்மா கடல்ல தனியாப் படகு விடுறாகளாமே?” என்று வியந்து கேட்டார்.

மச்சான் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஆமாண்ணே. அவ ஒடம்புவாகுக்கு எந்தப் படகு செட்டாகும்னு நாந்தான் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்து எடுத்துக் குடுத்தேன். சின்ன சைஸா, பச்சக் கலர்ல.”

அவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பொய்யின் அடையாளமே இல்லை. நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் நடந்ததையெல்லாம் சொன்னேன், துடுப்பு எங்கே என்று கேட்டது வரைக்கும். மச்சான் சிரித்துக்கொண்டே, “மாப்ளைக்குக் கோவம் சாஸ்தி” என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். அன்றோடு அவர் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது ஆண்டிபட்டி கணவாய் இறங்கும்வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“ஊரெல்லாம் அவருதான் எடுத்துக் குடுத்ததா சொல்லிக்கிட்டுத் திரியிறாரே, ஒனக்கு எரியலையாக்கா?”

அக்கா ஜன்னல் பக்கம் கையை வெளியே நீட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டுப் போறாகடா” என்றாள். “தண்ணிக்குள்ள வரமாட்டாகள்ல.”